ஒரே தொழிலை நாலு கம்பெனியாகப் பிரிப்பது எப்படி: திருப்பூரிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

திருப்பூரில் ஓரளவு வளர்ந்த பனியன் கம்பெனி முதலாளி யாரை எடுத்துக்கொண்டாலும் அவர் கையில் மூன்று நாலு கம்பெனி இருக்கும். நிட்டிங் ஒன்று, சாயப்பட்டறை ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று, காற்றாலைக்கு ஒன்று, அது போக நிலமும் கட்டடமும் வீட்டம்மா பேரில். எதற்காக இப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் "ஆடிட்டர் சொன்னாருங்க" என்பார்கள், மீதிப் பேர் பக்கத்துக் கம்பெனிக்காரர் அப்படிச் செய்தார் என்பார்கள். இந்த மாதிரி குரூப்களுக்குப் பல வருஷமாகக் கணக்கு எழுதுகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், கம்பெனி தொடங்குவது பத்து நாள் வேலை. தொடங்கியபின் இந்தக் கம்பெனிப் பணம் வேறு, அந்தக் கம்பெனிப் பணம் வேறு என்று நடந்துகொள்வதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பதிவு பற்றிக் கொஞ்சமாகவும், பணம் போகும் வழி பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. நான் 1961 சட்டத்தின் பழைய எண்களையே சொல்கிறேன், ஆடிட்டரிடம் பேசும்போது அவைதான் சட்டென்று புரியும்.

முதல் படி: ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். "சாயப்பட்டறை தனி. ஏன்?" ஒரு வரியில் பதில் வரவில்லை என்றால் அந்தக் கம்பெனி வேண்டாம்.

சாயப்பட்டறைக்குப் பதில் எளிது. 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் மாசு வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத ஏற்பாடு செய்தால்தான் திறக்கலாம் என்ற நிலை. அன்று பட்டறையும் கார்மென்ட்டும் ஒரே கம்பெனியாக வைத்திருந்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டறைமேல் வரும் நஷ்டஈடு, பட்டறையின் லோன், பட்டறையின் வழக்கு எல்லாமே ஆர்டர் கையில் வைத்திருக்கிற ஏற்றுமதிக் கம்பெனியின் தலையில் விடியும். ஆபத்து அதிகமுள்ள வேலையைத் தனியாக வைப்பது நியாயமான காரணம்.

ஒரு பிரிவில் மட்டும் வெளியாள் கூட்டு சேர்கிறார் என்பது நல்ல காரணம். ஒரு பிரிவைப் பின்னால் விற்கும் எண்ணம் இருக்கிறது என்பதும், இரண்டு மகன்களுக்கும் நாளைக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அப்படியே. மதுரையில் 1911இல் தொடங்கிய டிவிஎஸ் குடும்பத்தில் கடைசியில் எந்தக் கிளை எதை நடத்தியதோ அதன் உரிமையும் அந்தக் கிளைக்கே போகும்படி 2022இல் ஏற்பாடு முடிந்தது. அவ்வளவு பெரிய குடும்பத்துக்கே அதற்குக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. முன்கூட்டியே யோசித்தால் நமக்கு அந்த அலைச்சல் குறையும்.

இனி, அடிக்கடி கேட்கிற தப்பான காரணங்கள். "வரி குறையும்" என்பது முதலாவது. இந்தியாவில் குரூப்புக்குச் சேர்த்து வரி போடும் முறை கிடையாது, அதாவது சாயப்பட்டறையில் 1 கோடி நஷ்டமும் கார்மென்ட்டில் 1 கோடி லாபமும் வந்தால் கார்மென்ட் முழு லாபத்துக்கும் வரி கட்டித்தான் ஆக வேண்டும், இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்திருந்தால் வரியே வந்திருக்காது. "பிஎஃப் வராமல் இருக்க 20 பேருக்குக் கீழே பிரித்துக்கொள்ளலாம்" என்பது இரண்டாவது. ஒரே முதலாளி, ஒரே காம்பவுண்டு, ஒரே மெஷின், இங்கிருந்து அங்கு மாறி மாறி உட்காரும் அதே டெய்லர்கள் என்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நிறுவனமாகத்தான் பார்ப்பார்கள். மூன்றாவது "எம்எஸ்எம்இ வரம்பு தாண்டாமல் இருக்க", அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்ற தகுதி போகாமல் இருக்க. ஏற்றுமதிக்காரர்கள் இதற்காக மெனக்கெடவே வேண்டாம், அந்தத் தகுதிக்கான உத்யம் பதிவுக் கணக்கில் ஏற்றுமதி விற்பனை டர்ன்ஓவரில் சேராது.

இரண்டாம் படி: அக்கா தங்கையா, அம்மா பிள்ளையா?

அமைப்பு இரண்டு வகைதான். குடும்பத்தார் எல்லாக் கம்பெனியிலும் நேரடியாகப் பங்கு வைத்திருந்தால் அது சிஸ்டர் கன்சர்ன். மேலே ஒரு கம்பெனி, அதன் கையில் மற்ற கம்பெனிகளின் பங்கு என்றால் மேலே இருப்பது ஹோல்டிங், கீழே இருப்பது சப்சிடியரி. 2013 கம்பெனிச் சட்டப்படி ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் கையில் இருந்தாலோ, இயக்குநர் குழுவை அமைக்கும் அதிகாரம் இருந்தாலோ அது சப்சிடியரி. 20% ஓட்டுரிமை என்றால் அசோசியேட். சப்சிடியரிக்குக் கீழே சப்சிடியரி என்று அடுக்கிக்கொண்டே போக முடியாது, இரண்டு அடுக்குதான் வரம்பு, முழுக்க நமக்கே சொந்தமான ஓர் அடுக்கை அதில் எண்ண மாட்டார்கள்.

50 கோடிக்குக் கீழே இருக்கும் குடும்பத் தொழிலுக்கு அக்கா தங்கை முறையே போதும் என்பது என் அபிப்பிராயம். ஆடிட்டர்களில் பலருக்கு இது பிடிக்காது. என் காரணம் இதுதான்: சின்னக் கம்பெனிகளுக்குச் சட்டம் தருகிற சலுகைகள், ஒரு கம்பெனி ஹோல்டிங்காகவோ சப்சிடியரியாகவோ ஆன நிமிஷமே, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் போய்விடும். வருஷத்துக்கு இரண்டு போர்டு மீட்டிங் போதும் என்றிருந்தது நாலாகும், பங்குகளை டீமேட் செய்ய, அதாவது காகிதத்திலிருந்து மின்னணுக் கணக்குக்கு மாற்ற வேண்டிவரும், கேஷ் ஃப்ளோ அறிக்கை தயாரிக்க வேண்டும், மேலே இருக்கும் கம்பெனி எல்லாக் கணக்கையும் சேர்த்து ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கையும் போட வேண்டும். ஒரு லட்சம் மூலதனத்தில் சப்சிடியரி போட்டுவிட்டு, அதன் இரண்டு பங்குதாரர்களுக்கு டீமேட் கணக்கு திறக்க ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளி முதலீடு வரப்போகிறது, அல்லது ஒரு பிரிவில் வரும் லாபத்தை எடுத்து இன்னொரு பிரிவில் தொடர்ந்து போட வேண்டும், அல்லது குடும்பப் பங்கு துண்டு துண்டாகச் சிதறாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றால் ஹோல்டிங் போடுங்கள். டாடா குழுமத்தில் டாடா சன்ஸ் மேலே உட்கார்ந்திருப்பதும், அதில் சுமார் 66% அறக்கட்டளைகள் கையில் இருப்பதும் இந்தக் கடைசிக் காரணத்துக்கு உதாரணம்.

ஹோல்டிங்கில் வேறு தொழிலே இல்லாமல் பங்குகள் மட்டும் இருந்தால் ரிசர்வ் வங்கிப் பக்கமும் ஒரு கண் வையுங்கள். மொத்தச் சொத்தில் பாதிக்கு மேல் நிதிச் சொத்து, மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் அதிலிருந்து வருவது என்றால் அது என்பிஎஃப்சி (பேங்க் அல்லாத நிதி நிறுவனம்) கணக்கில் வந்துவிடும். நிகரச் சொத்தில் குறைந்தது 90% குரூப் கம்பெனிகளிலேயே இருந்து, நிகரச் சொத்தில் குறைந்தது 60% அவற்றின் பங்குகளாக இருக்கும் கோர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனிக்கு, சொத்து 100 கோடிக்குக் கீழே இருந்தாலோ வெளிப் பணம் வாங்காமல் இருந்தாலோ பதிவு தேவையில்லை.

மூன்றாம் படி: பணம் எந்த வழியாகப் போகும் என்று முன்பே வரைந்து வையுங்கள்

ஒரு காட்சி சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம், நாளைக்குத் தொழிலாளர்களுக்குச் சம்பளம். கார்மென்ட் கணக்கில் 3 லட்சம் இருக்கிறது, தேவை 11 லட்சம். நிட்டிங் கணக்கில் 15 லட்சம் சும்மா கிடக்கிறது. முதலாளி போனில், "தம்பி, எந்த அக்கவுண்ட்ல பணம் கெடக்குதோ அதுல இருந்து போட்டு உடுங்க, எல்லாம் நம்ம பணந்தானுங்களே." போட்டுவிட்டேன். வருஷக் கடைசியில் பார்த்தால் இப்படி 40 தடவை போட்டது சேர்ந்து, நிட்டிங்குக்குக் கார்மென்ட் தர வேண்டியது 92 லட்சம்.

இதில் மாட்டிக்கொள்வது கம்பெனி கூட இல்லை, முதலாளி. 2(22)(இ) பிரிவு, ஆடிட்டர்கள் வாயில் 'டீம்டு டிவிடெண்ட்'. ஒரு பிரைவேட் கம்பெனியில் 10% ஓட்டுரிமை உள்ள ஒருவர் இன்னொரு கம்பெனியில் 20% வைத்திருந்து, முதல் கம்பெனி இரண்டாவதற்குக் கடன் கொடுத்தால், முதல் கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபம் எவ்வளவோ அதுவரை அந்தக் கடன் அவருக்கு வந்த டிவிடெண்டாகக் கருதப்படும். கையில் ஒரு பைசா வராமலே 92 லட்சத்துக்கு வரி. அப்புறம் கடனைத் திருப்பிக் கட்டிவிட்டேன் என்றாலும் கதை நடக்காது. உண்மையான வியாபார முன்பணத்துக்கு, அதாவது ஆர்டர் போட்டு, பில் வந்து, நேர் செய்யப்படும் பணத்துக்கு இது வராது என்று வருமான வரித்துறையே 2017இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதனால் வியாபாரத்துக்காகப் போகும் பணத்தைக் கடனாக அனுப்பாமல் பில்லுக்கு எதிராகவே அனுப்புங்கள்.

கம்பெனிச் சட்டத்தில் 185, 186, 188 என்று மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இயக்குநருக்கோ அவருடைய உறவினருக்கோ கடன் கொடுக்காதே என்கிறது 185. இயக்குநருக்குத் தொடர்புள்ள கம்பெனிக்கென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும், பணம் அந்தக் கம்பெனியின் முக்கியத் தொழிலுக்கே செலவாக வேண்டும். ஹோல்டிங் தன் முழுச் சொந்தமான சப்சிடியரிக்குக் கொடுப்பதற்கு இந்தத் தடை இல்லை. கடன், உத்தரவாதம், முதலீடு எல்லாம் சேர்ந்து ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் என்றும், வட்டி அரசுப் பத்திர விகிதத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொல்வது 186. 'நம்ம கம்பெனிதானே, வட்டி எதற்கு' என்பது அங்கேயே அடிபட்டுப்போகிறது. குரூப்புக்குள் வாங்குவது விற்பதைப் பற்றியது 188, சந்தை விலையில் வழக்கமான வியாபாரமாக நடந்தால் தொந்தரவில்லை.

மேலே இருந்து கீழே பணம் போவது சுலபம், முதலீடாகவோ கடனாகவோ போடலாம். கீழிருந்து மேலே வருவதுதான் கஷ்டம், கடனாக வந்தால் மறுபடி டீம்டு டிவிடெண்ட், ஆகவே முறையான டிவிடெண்டாகத்தான் வர வேண்டும். கணக்கைப் பாருங்கள்: சப்சிடியரி லாபம் 100 ரூபாய், 22% வரியோடு சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 25.168%, மிச்சம் 74.83. இதை டிவிடெண்டாக வாங்கிய ஹோல்டிங், ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தன் பங்குதாரர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டால் 80எம் பிரிவில் கழிவு உண்டு. கொடுக்காமல் புதுத் தொழிலுக்கு என்று வைத்துக்கொண்டால் மறுபடி 25.168%, கையில் நிற்பது 56 ரூபாய். ஹோல்டிங் போட்டால் வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் இந்த 56ஐக் காட்டுங்கள்.

நாலாம் படி: கம்பெனி பதிவு

இது எளிது என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் என்ற ஆன்லைன் படிவத்தில் பெயர், பான், டான் எல்லாம் ஒன்றாக முடிந்துவிடும். குரூப் பெயரை முன்னால் சேர்க்க ஏற்கெனவே அந்தப் பெயர் வைத்திருக்கும் கம்பெனியின் தீர்மானமும் ஆட்சேபணையில்லாக் கடிதமும் வேண்டும். பதிவான 30 நாளுக்குள் முதல் ஆடிட்டர், 180 நாளுக்குள் தொழில் தொடங்கிய அறிவிப்பு.

நின்று பார்க்க வேண்டியது ஒரே ஒரு பங்கு. பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு பங்குதாரர் கட்டாயம் என்பதால், முழுச் சொந்தமான சப்சிடியரி என்றாலும் ஒரு பங்கை யாராவது ஒருவர் பெயரில் வைப்பார்கள். அவர் பினாமி இல்லை, ஹோல்டிங்குக்காக வைத்திருக்கிறார் என்பதைச் சொல்லும் படிவங்கள் எம்ஜிடி-4, எம்ஜிடி-5, அவை வந்த 30 நாளுக்குள் கம்பெனி பதிவாளரிடம் போடுவது எம்ஜிடி-6. எனக்குத் தெரிந்த ஒரு குரூப்பில் அந்த ஒரு பங்கு முதலாளியின் பெரியப்பா மகன் பெயரில் இருந்தது, படிவம் போடவே இல்லை. ஏழு வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பேச்சில் இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம். கம்பெனியை விற்கப் போகிற நேரத்தில் 10 ரூபாய்ப் பங்குக்கு அவர் கையெழுத்து போட மறுத்தார். எவ்வளவு கொடுத்து முடித்தார்கள் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

ஐந்தாம் படி: நடக்கிற தொழிலைப் புதுக் கம்பெனிக்கு மாற்றுவது

நிலத்தில் ஆரம்பியுங்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9%. 5 கோடி மதிப்புள்ள நிலத்தை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற 45 லட்சம் போய்விடும். அதனால் நிலம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும், வாடகை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டம்மா பேரில் இருந்து அவருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை என்றால், 2024 அக்டோபர் முதல் வாடகைக்கான ஜிஎஸ்டியை வாடகைக்கு எடுக்கும் கம்பெனியே அவருக்குப் பதிலாக, ரிவர்ஸ் சார்ஜ் முறையில், கட்ட வேண்டும்.

மெஷின், சரக்கு, கடன், ஆட்கள் எல்லாவற்றையும் ஒரு மொத்த விலைக்கு மாற்றுவது ஸ்லம்ப் சேல். ஓடும் தொழிலாக முழுசாக மாறுவதால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, மீதமுள்ள உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிக் கழித்துக்கொள்ள வேண்டிய ஜிஎஸ்டியை, ஐடிசி-02 படிவம் போட்டுக் கொண்டுபோகலாம். ஹோல்டிங்குக்கும் அதன் 100% சப்சிடியரிக்கும் நடுவில் சொத்து மாறினால் மூலதன ஆதாய வரி கிடையாது, ஆனால் 8 வருஷத்துக்குள் அந்தப் பங்கில் கொஞ்சம் வெளியாளுக்குக் கொடுத்தாலும் விட்ட வரி திரும்ப வரும். முதலீட்டாளர் வரப்போகிறார் என்று தெரிந்தே இந்த வழியில் போகாதீர்கள்.

தாளில் ஏறாத விஷயங்கள்தான் ஆளைக் கொல்லும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பழைய பெயரில் இருக்கும், மின்வாரிய இணைப்பும் அப்படியே. இபிசிஜியில், அதாவது ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுத்து மெஷின் இறக்கும் திட்டத்தில், வரி கட்டாமல் இறக்கிய மெஷின் இருந்தால், மிச்சப்படுத்திய வரியைப் போல் 6 மடங்கு ஏற்றுமதி முடியும்வரை அதை விற்கவோ மாற்றவோ முடியாது. வெளிநாட்டு பையர் (துணி வாங்குபவர்) நமக்குக் கொடுத்த வெண்டர் கோடு எண், ஆர்கானிக் சான்றிதழ், தொழிலாளர் ஆடிட் எல்லாம் பழைய கம்பெனியின் பெயருக்கு வாங்கியவை, புதுசாக எடுக்க ஒரு சீசன் போய்விடும். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன்: பையர் பார்க்கிற கம்பெனியை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றை வெளியே எடுங்கள்.

காற்றாலைக்குத் தனிக் கணக்கு. அந்தக் கரண்டு 'கேப்டிவ்', அதாவது சொந்த உபயோகத்துக்கானது, என்று கணக்காக, அதைப் பயன்படுத்துபவர்கள் கையில் காற்றாலைக் கம்பெனியின் உரிமை குறைந்தது 26% இருக்க வேண்டும், வருஷ உற்பத்தியில் குறைந்தது 51% அவர்களே பயன்படுத்த வேண்டும் என்பது 2005 மின்சார விதிகள். அப்பா பெயரில் காற்றாலை, மகன் கம்பெனியில் மில் என்றால் குடும்பம் ஒன்றுதானே என்று வாரியம் விடாது, வெளியில் கரண்டு வாங்குபவர்மேல் போடும் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணத்தைப் போட்டுவிடும். இந்த விதியை அடிக்கடித் திருத்துகிறார்கள், பங்கு பிரிக்கும் முன் அன்றைய நிலவரத்தைப் பாருங்கள்.

ஆறாம் படி: உங்களுக்கு நீங்களே பில் போடுங்கள்

நிட்டிங் கம்பெனி கார்மென்ட்டுக்குத் துணி ஓட்டிக் கொடுத்தால் ஜாப் ஒர்க் பில். ஒரே மேனேஜர் இரண்டு கம்பெனிக்கும் வேலை பார்த்தால் சம்பளத்தைப் பங்கு பிரித்து அதற்கும் பில். பிராண்ட் பெயர் எந்தக் கம்பெனியில் பதிவாகியிருக்கிறதோ அதனிடம் மற்றவை எழுத்தில் உரிமம் வாங்க வேண்டும். தொடர்புடைய கம்பெனிகளுக்குள் இலவசமாகச் செய்தாலும் ஜிஎஸ்டியில் அது சப்ளைதான், வாங்குகிற கம்பெனிக்கு முழு உள்ளீட்டு வரி கிடைக்குமென்றால் பில்லில் போட்ட மதிப்பை ஏற்றுக்கொள்வார்கள் என்பது ஓர் ஆறுதல். பில்லே போடாமல் விட்டால் அந்த ஆறுதலும் இல்லை.

45 நாள் விதி சொந்தத்துக்குள்ளும் உண்டு. சாயப்பட்டறை உத்யமில் மைக்ரோ அல்லது ஸ்மால் என்றால், ஒப்பந்தம் இருந்தால் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் கார்மென்ட் பணம் கொடுத்தாக வேண்டும். மார்ச் 31 அன்று தவணை தாண்டிப் பாக்கி நின்றால், கொடுக்கிற வருஷத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். 'தங்கச்சி கம்பெனிதானே, மெதுவாகக் கொடுக்கலாம்' என்று விட்டு, தனக்குத்தானே வரியை ஏற்றிக்கொண்டவர்கள் நிறைய.

ஏழாம் படி: பேங்க் கேட்கும் கையெழுத்து

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை பேங்க் மேனேஜர் ஒரே கையெழுத்தில் ஒன்றாக்கிவிடுவார். சாயப்பட்டறை லோனுக்குக் கார்மென்ட் கம்பெனியின் உத்தரவாதம், கார்மென்ட் லோனுக்கு வீட்டு நிலம், எல்லாவற்றுக்கும் முதலாளியின் தனிப்பட்ட உத்தரவாதம். முதலாளி கையெழுத்து இல்லாமல் பேங்க் நகராது, அது நடைமுறை. கம்பெனிக்குக் கம்பெனி உத்தரவாதத்தைத்தான் எதிர்க்க வேண்டும், குறைந்தபட்சம் தொகைக்கு வரம்பாவது எழுதி வாங்குங்கள். கம்பெனி உத்தரவாதத்துக்கு ஜிஎஸ்டியும் உண்டு, உத்தரவாதத் தொகையில் வருஷத்துக்கு 1% மதிப்பாக வைத்து அதன்மேல் 18%. 10 கோடி லோன் என்றால் 1.8 லட்சம், உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைத்தாலும் பில் போட மறந்தால் நோட்டீஸ் வரும்.

கம்பெனி வேறு, முதலாளி வேறு என்ற சட்டம் 1896இலேயே இங்கிலாந்தில் சாலமன் என்கிற பூட்ஸ் வியாபாரி வழக்கில் உறுதியானது. 20,007 பங்கில் 20,001 அவர் கையில், மீதி ஆறும் குடும்பத்தார் ஆளுக்கொன்று. அப்படியிருந்தும் கம்பெனிக் கடன் அவர் கடன் இல்லை என்றார்கள். அதே சட்டத்தை நம்புகிற இந்தியாவில் வீடியோகான் திவாலானபோது, 2019இல் அதன் 15 கம்பெனிகளில் 13ஐ ஒன்றாகச் சேர்த்தே தீர்க்க மும்பை தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஒரே கட்டுப்பாடு, ஒரே இயக்குநர்கள், ஒன்றோடொன்று பின்னிய கடன்கள், இவைதான் அங்கே பேசப்பட்ட காரணங்கள்.

எட்டாம் படி: மாதாமாதம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி பேங்க் கணக்கு, தனி செக் புக், தனி லெட்டர்பேட், தனி மெயில். இயக்குநர்களில் ஒருவராவது கம்பெனிக்குக் கம்பெனி மாறட்டும். தூங்குகிற கம்பெனி இருந்தால் எழுப்புங்கள் அல்லது மூடிவிடுங்கள், ஆண்டுக் கணக்கு, ஆண்டறிக்கை இரண்டையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய மறந்தால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், இரண்டுக்கும் 200, கேட்பார் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

மாதம் 10ஆம் தேதி நான் ஒன்று செய்கிறேன். டேலி கணக்கு மென்பொருளில் நிட்டிங் புத்தகத்தில் கார்மென்ட் லெட்ஜரையும், கார்மென்ட் புத்தகத்தில் நிட்டிங் லெட்ஜரையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடிப்பேன். இரண்டும் ஒரே ரூபாயில் முடிய வேண்டும். போன மாதம் 11,800 வித்தியாசம். தேடிப் பார்த்ததில் நிட்டிங் மேனேஜர் கார்மென்ட் வண்டிக்கு டயர் வாங்கிய பில். டெபிட் நோட் போட்டு முதலாளியிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். "டயருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே போட்டார்.